பசித்த சுவர்

இப்போதெல்லாம் சுவரில் படத்தை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவருகிறார்கள். பின்பக்கத் தாளை உரித்து, ரப்பர் கட்டையால் தேய்த்துக்கொண்டே போனால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடுகிறது. எங்கள் சங்கத்துத் தலைவி செல்வி அப்படி ஒட்டிய ஒரு சுவரைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். ஓசூரில் பையன்கள் தங்கித் தொழில் படிக்கும் ஒரு விடுதி, அதன் சாப்பாட்டுக் கூடம். ஏசு சாமி நடுவில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் சீடர்கள். நீள மேசை, வெள்ளைத் துணி, ரொட்டி. சாமி சாவதற்கு முன்னால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

"அக்கா, இதே சுவத்துல முன்னாடி உங்க மேஸ்திரி கையால எழுதினாராமே? அதைச் சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க. புதுசா பெயிண்ட் வேலைக்கு வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்."

"எனக்கு என்னா எழுதத் தெரியும்? அஞ்சாங்கிளாசு."

"நீங்க பேசத்தான் மாட்டீங்க. எழுதறதுக்கு யாரு மூஞ்சியையும் பாக்க வேணாமில்ல."

அவள் சொன்னதும் சரிதான். கூட வேலை செய்கிற ஆட்கள், எங்கள் செட்டில், என்னை ஊமையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும்.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஊர் நான் பிறந்தது. அடுத்தவர் மாந்தோப்பில் களையும் காவலுமாக எங்கள் வீட்டார் பிழைத்தார்கள். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றினார். நான் ருத்ரப்பா மேஸ்திரி செட்டில் சித்தாளாகச் சேர்ந்தேன். முதலில் சுண்ணாம்பு சலித்தேன். பிறகு பழைய பெயிண்ட் சுரண்டினேன், உப்புத்தாள் தேய்த்தேன். கடைசியில் பட்டி பார்க்கக் கற்றுக்கொண்டேன். பட்டி என்றால், சுவரின் மேடு பள்ளம் தெரியாமல் தகட்டால் இழுக்கிற வெள்ளை மாவு. இதைக் கற்றுக்கொள்ளப் பல வருசம் ஆனது. எழுதினால் நாலு வரிதான் வருகிறது.

மேஸ்திரிக்கு ஆனேக்கல் பக்கம். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், பெயிண்ட் கடைக்காரரோடு தெலுங்கு. நெற்றி நிறைய விபூதி வைத்திருப்பார், ஒல்லியான ஆள். யாரையும் திட்டமாட்டார். வேலை சரியில்லை என்றால் நம் கையிலிருந்து தகட்டை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், நாம் செய்ததை முழுக்கச் சுரண்டிவிட்டு அவரே செய்வார். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நாலு வசவே மேல்.

எந்தச் சுவரானாலும் பெயிண்ட் தொடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் புறங்கையை வைப்பார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். அப்புறம் கன்னத்தை வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அதிலும் சந்தேகம் என்றால், பிளாஸ்டிக் கவரைச் சதுரமாக வெட்டிச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார். மறுநாள் கவருக்கு உள்பக்கம் பார்ப்போம். வேர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. "ஹசி" என்று ஒரே வார்த்தை சொல்வார். அன்றைக்கு அந்தச் சுவரில் வேலை கிடையாது.

கன்னடத்தில் ஹசி என்றால் ஈரம். பச்சையாக இருப்பதற்கும் அதே வார்த்தைதான். அது எங்கள் மணிக்குத் தெரியாது. மணி மத்தூரிலிருந்து புதிதாக வந்தவன். ஒரு கம்பெனியில் மோட்டார் ரூம் சுவரில் மேஸ்திரி கன்னத்தை வைத்து, "அய்யோ, பஹளா ஹசி" என்றார். பஹளா என்றால் ரொம்ப. மணி உடனே பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம் பரோட்டா.

"எதுக்குடா இது?" என்றார் மேஸ்திரி.

"நீங்கதான ரொம்ப பசின்னீங்க?"

மேஸ்திரி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்கில்லடா, கோடெக்கு! சுவத்துக்கு!" என்றார். அன்றிலிருந்து எங்கள் செட்டில் ஈரச் சுவர் 'பசிச்ச சுவர்' ஆகிவிட்டது. அது என்ன போட்டாலும் தின்றுவிடும் என்பான் மணி.

அந்த மோட்டார் ரூம் சுவருக்கு மேஸ்திரி பெயிண்ட் அடிக்க ஒப்பவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு அவசரம், வேறு செட்டை வைத்து அடித்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் அது அம்மை போட்ட மாதிரிக் கொப்பளித்து உரிந்தது. மணி அதைக் காட்டிக் கைதட்டினான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "அதுவும் யாரோ நம்ம மாதிரி ஒருத்தன் வெயில்ல நின்னு அடிச்சதுதான். சிரிக்க பேடா, வேணாம்."

இப்படிப்பட்டவர் அந்த விடுதிச் சுவரில் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

விடுதியை அப்போது பார்த்துக்கொண்டவர் சவரிநாதன் ஃபாதர். தடித்த உருவம், சத்தமான பேச்சு. இத்தாலிக்குப் போய் வந்தவர். சுண்ணாம்பு அடிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார். கூடத்தில் நுழைந்ததும் ஒரு படத்தை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தார். "ருத்ரப்பா, நீ முன்னே சினிமா பேனர் எழுதினவனாமே. இதை இந்தச் சுவர் அகலத்துக்கு எழுத முடியுமா?"

மேஸ்திரி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. "எழுதறேன் ஃபாதர்" என்றார். புறங்கை வைக்காமல் அவர் ஒரு வேலைக்குச் சரி சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார். பேசாதவளிடம் மனிதர்கள் நிறையச் சொல்வார்கள். "பேனர் எழுதினா வெள்ளிக்கிழமை ஏறும். படம் மாறினா எறக்கி, அது மேலயே வெள்ளை அடிச்சு அடுத்தத எழுதுவேன். லாரி போர்டு எழுதினா லாரி போயிடும். நா எழுதினது இதுன்னு காட்ட உலகத்துல ஒண்ணும் இல்ல மாதம்மா. இது நிக்கணும்."

சுவருக்கு அந்தப்பக்கம் சமையல் கட்டு. அந்தச் சுவரை ஒட்டித்தான் பாத்திரம் கழுவும் தொட்டி. மறுநாள் கவர் ஒட்டிப் பார்த்தபோது உள்ளே தண்ணீர் கோடு கோடாக ஓடியது. மேஸ்திரி போய் ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் பாத்திரம் கழுவுவதைத் தோட்டத்துக் குழாய்க்கு மாற்றினார். அதில் கஷ்டப்பட்டவள் சமையல்காரி எல்லம்மா. தெலுங்குக்காரி, என் வயசு, கணீரென்ற வாய். ஏற்கெனவே சமையல் கட்டிலிருந்து கூடத்துக்கு நேர் வழி கிடையாது. சோற்றையும் சாம்பாரையும் வெளியே தூக்கி வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். இப்போது கழுவவும் தோட்டத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று.

"ஏம்மா ஊமையக்கா, உங்க மேஸ்திரிகிட்ட கேளு. அவரு எழுதற சாமி சாப்பிட உக்காந்திருக்கு. எழுந்து வந்து எனக்கு ஒரு அண்டாவப் புடிக்குமா?" என்பாள். நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன்.

வெயில்காலம் முழுக்கக் காத்திருந்தோம். நான் பழைய சுண்ணாம்பைச் செங்கல் தெரியும்வரை எடுத்தேன். புதுப் பூச்சு பூசினார்கள், காய விட்டோம். நடுவில் வேறு வேலைகளுக்குப் போய்வந்தாலும், மேஸ்திரி தினம் ஒரு தடவை விடுதிக்கு வந்து கன்னத்தை வைத்துவிட்டுப் போவார். கடைசியாகக் கவர் ஒட்டினோம், மேலே, நடுவே, கீழே என்று. காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, நடுவே காய்ந்திருந்தது. தரையோரம் ஒட்டியதில் மட்டும் உள்பக்கம் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

மேஸ்திரி வந்தார். நான் காட்டி, "ஹசி" என்றேன். வேலையில் என் வாயிலிருந்து வந்த பேச்சுகளைச் சேர்த்தால் ஒரு கை கூட நிறையாது. அதில் இது ஒன்று.

அவர் குனிந்து பார்த்தார். "கடுகு அளவுதானே" என்றார். தோள் துண்டால் அதைத் துடைத்துவிட்டார்.

அந்த வாயிலிருந்து அதுவரை நான் 'தானே' என்று கேட்டதில்லை.

எழுத ஆரம்பிக்கும்போது அவர் செய்ததைச் சொல்கிறேன், இப்போது யாரும் பார்க்க முடியாது. சுவரின் சரியான நடுவில், ஏசு சாமியின் நெற்றி வரவேண்டிய இடத்தில், ஒரு ஆணி அடித்தார். ஆணியில் நூலைக் கட்டினார். நூலுக்குக் காவிப்பொடி தடவி, மறுமுனையை என்னிடம் கொடுத்து மூலைக்கு மூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் சிவப்புக் கோடு விழும். கூரைப் பலகை, பக்கத்துச் சுவர்கள், மேசை ஓரம் எல்லாக் கோடும் அந்த ஆணியிலிருந்து புறப்பட்டது. கோடுகள் விழ விழ, தட்டையாக இருந்த சுவர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. படத்தில் இருந்த மூன்று ஜன்னலும் தூரத்தில் திறந்துகொண்டன. நூலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கூடத்துக்குப் பின்னால் இன்னொரு கூடம் இருக்கிற மாதிரி மயக்கம் வந்தது. அந்தப்பக்கம் எல்லம்மாவின் சமையல் கட்டு என்பது மறந்தே போயிற்று.

மறுநாள் ஃபாதர் வந்து ஆணியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "அடடா! அங்கேயும் இப்படித்தான் ஒரு ஓட்டை இருக்கு. ஏசுவோட நெத்திப் பொட்டுல. நூல் கட்ட ஆணி அடிச்ச இடமாம்."

மேஸ்திரி முகம் மாறிவிட்டது. "நா யோசிக்கலை ஃபாதர். ஸ்வாமி தலையில போயி ஆணி அடிச்சுட்டேனே."

"அவருக்கு ஆணி புதுசில்ல ருத்ரப்பா. விடு" என்றார் ஃபாதர்.

அன்று டீ குடிக்கும்போது ஃபாதர் அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். மிலான் என்று ஒரு ஊராம். அங்கே ஒரு மடம். சாமியார்கள் சாப்பிடும் கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்க இந்தப் படம். "சாமியாருங்க சாப்பிட உக்காந்தா, எதிர்ல ஏசுவும் சாப்பிட உக்காந்திருப்பார். 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்'னு இப்பத்தான் சொல்லி வாய் மூடியிருக்கார். அதான் எல்லாரும் பதறிப்போய், நானா நானான்னு கேக்கறாங்க."

"சோத்துல கை வெச்சப்புறம் சொல்ற பேச்சா ஃபாதர் அது? யாருக்கு எறங்கும்?" என்றான் மணி.

ஃபாதர் சிரித்தார். அந்த ஊரில் பச்சைச் சுண்ணாம்பு மேலேயே, அது காய்வதற்குள் எழுதிவிடுவார்களாம். சாயமும் சுண்ணாம்பும் ஒன்றாகிக் கல்லாகிவிடுமாம். ஆனால் ஓடி ஓடி எழுதவேண்டும், எழுதினதைத் திருத்தமுடியாது. இதை எழுதியவருக்கு அவசரம் பிடிக்காது. சில நாள் சோறு தண்ணி இல்லாமல் எழுதுவார். சில நாள் வந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் காய்ந்த சுவரில், முட்டையும் எண்ணெயும் சேர்த்த சாயத்தில் எழுதினாராம்.

"அப்புறம்?" என்றார் மேஸ்திரி.

"அப்புறமென்ன, அவர் உசுரோட இருக்கும்போதே உரிய ஆரம்பிச்சிடுச்சு."

"கோடெ ஹசியா?"

"ஈரம் ஏறிடுச்சுன்னுதான் சொல்றாங்க."

"அவ்ளோ பெரிய ஆளு. ஒரு கவர் ஒட்டிப் பாத்திருக்கக் கூடாதா?" என்றான் மணி. எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. நானும்.

ஃபாதர் விடவில்லை. "இன்னும் கேளு. அடுப்படியிலேர்ந்து சோறு வர்றதுக்குள்ள ஆறிப்போவுதுன்னு, பின்னால வந்த சாமியாருங்க அதே சுவர்ல நடுவுல வாசல் வெட்டிட்டாங்க. ஏசுவோட காலு போச்சு."

அப்போது எல்லம்மா சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தாள். நின்று கேட்டாள். "அதான் ஞாயம். சாமி மேசைக்கு அடியில காலை நீட்டிகினு உக்காந்திருக்கு. நடக்கறது யாரு காலு? அந்த ஊருல புத்தியுள்ளவங்க இருந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு பட்டாளத்துக்காரர்கள் அந்தக் கூடத்தில் குதிரை கட்டினார்களாம். சண்டையில் குண்டு விழுந்து கூரை போய், பக்கத்துச் சுவர் போய், மணல் மூட்டை அடுக்கியிருந்த அந்த ஒரு சுவர் மட்டும் நின்றதாம். இப்போது கண்ணாடிக் கதவு வைத்து, ஈரம் படாமல், கொஞ்சம் கொஞ்சம் பேராகத்தான் உள்ளே விடுகிறார்களாம்.

"நின்னுச்சில்லே?" என்றார் மேஸ்திரி.

"நின்னுச்சு."

அவ்வளவு பெரிய கதையில் அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

முகங்களைக் கடைசியில் எழுதினார். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு யார் முகம் போடுவது என்று விடுதிப் பையன்களுக்குள் பந்தயம். வார்டன் முகம் போடச்சொல்லி இரண்டு பேர் ரகசியமாக வந்து கேட்டார்கள். மேஸ்திரி தன் முகத்தையே போட்டார், விபூதி இல்லாமல். நான் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். "புள்ளைங்க தினமும் இவனப் பாத்துகினே சாப்பிடுவாங்க. வைவாங்க. வேற யாரு மூஞ்சி போட்டாலும் அவங்க வசவு வாங்கணும். எனக்குன்னா போகட்டும்" என்றார்.

முடிந்த அன்று பையன்கள் கை தட்டினார்கள். எல்லம்மா ஈரக்கையோடு வந்து நின்றவள் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதைத்தான் மேஸ்திரி பெரிய பரிசாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. தோட்டத்துக் குழாய் வற்றிப்போனதும் பாத்திரம் கழுவுவது பழைய தொட்டிக்கே வந்துவிட்டது. வேறு வழியில்லை. மேசைக்குக் கீழே, சீடர்களின் கால்களில், வெள்ளையாக உப்பு பூத்தது. உப்பு பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும், பெயிண்ட் சின்னச் சின்னச் செதிலாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு விடுமுறைக்கும் மேஸ்திரியும் நானும் போவோம், யாரும் கூப்பிடாமலே. நான் பூனைமுடி மாதிரி மெல்லிய பிரஷ்ஷால் உப்பை மட்டும் தட்டி எடுப்பேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டும், மூச்சுக் காற்றுக்கே செதில் பறந்துவிடும். அவர் போன இடத்தில் திரும்ப எழுதுவார். ஒரு வருசம் செருப்பு வாரை எழுதினோம், அடுத்த வருசம் அங்கி மடிப்பை. அதற்கடுத்த வருசம் உப்பு மேசைத் துணிக்கு ஏறிவிட்டது. முதலில் எழுதியது எது, பிறகு ஒட்டுப்போட்டது எது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. ஒரு நாள் தூரிகையைத் தூக்கியபடியே நின்றவர், "இது எங்க அப்பனோட வேட்டி மாதிரி ஆயிடுச்சு. ஒட்டுதான் மிச்சம்" என்றார்.

சவரிநாதன் ஃபாதரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புது ஃபாதர் வந்தார். அந்த வருசம் மழையில், வெளி வழியில் பாசி பிடித்திருந்தது. எல்லம்மா சாம்பார் அண்டாவோடு வழுக்கி விழுந்தாள். கொதிக்கிற சாம்பார் முழங்காலிலிருந்து கீழே அவள் கால் மேல் கொட்டிவிட்டது.

புது ஃபாதர் ஆள் அனுப்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். கூட நானும் போனேன். அவர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"மேஸ்திரி, சமையல் கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில ஒரு வாசல் போட்டாகணும். ஒரு பக்கம் அடுப்பும் புகைபோக்கியும் இருக்கு, இன்னொரு பக்கம் தண்ணித் தொட்டி. நடுவிலதான் இடம். உங்க படம்னு எல்லாரும் சொல்றாங்க. உங்ககிட்ட கேக்காம கை வெக்க எனக்கு மனசு வரல. வேற வழி இருந்தா சொல்லுங்க."

மேஸ்திரி எழுந்து வெளி வழியைப் போய்ப் பார்த்தார். முன்பு அதற்கு மேலே ஷீட் போட்டதும், காற்று தூக்கிக்கொண்டு போனதும் அவருக்குத் தெரியும். சமையல் கட்டுக்குள் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து படத்துக்கு முன்னால் நின்றார். "அங்க இத்தாலில வாசல் வெட்டினாங்களே, அப்புறமும் படம் நின்னுச்சில்ல ஃபாதர்?"

"மேல இருந்தது நின்னுச்சுன்னு படிச்சிருக்கேன்" என்றார் அவர்.

"நாளைக்குச் சொல்றேன்."

அங்கிருந்து நேராக எல்லம்மா வீட்டுக்குப் போனோம். கட்டிலில் படுத்திருந்தாள். துணி படாமல் இருக்கக் கால் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். மேஸ்திரி கூடையைத் தூக்கிப் பார்த்தார். தோல் எல்லாம் எழும்பிச் செதில் செதிலாக இருந்தது. நான் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படி உரிந்ததை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எல்லம்மா வலியிலும் வாயை விடவில்லை. "ஏமி மேஸ்திரி, பிரஷ்ஷு எடுத்து வந்தியா? என் காலுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சுடு."

அவர் கூடையை மெதுவாகக் கவிழ்த்தார். "வாசல் வருதம்மா உனக்கு" என்றார்.

அவள் முகம் சுருங்கியது. "படத்துலயா?" கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நா அன்னைக்கு வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

"நீ வெளையாட்டா சொன்னாலும் ஞாயம் ஞாயந்தான்."

மறுநாள் அவரே நூலும் காவிப்பொடியும் கொண்டுவந்தார். வேறு யாரும் கோடு போட அவர் விடவில்லை. அதே ஆணி அங்கேயே இருந்தது, அதன் தலைமேல் பெயிண்ட் பூசி நெற்றியோடு நெற்றியாக்கியிருந்தார். அதில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு நடுவைக் குறித்தார். இரண்டு பக்கமும் அளந்தார். மேசைத் துணிக்குச் சற்றுக் கீழே மேல்கோடு. என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தார். சுண்டினார். ஏசு சாமியின் காலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது.

"காலு ஹோகலி" என்றார். கால் போகட்டும் என்று அர்த்தம். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. "மொகம் நின்னாப் போதும்."

சுத்தியால் அடித்தால் அதிரும் என்று கட்டிங் மிஷின் வரவழைக்கச் சொன்னார். பர்கூரிலிருந்து வாசலுக்குக் கல் வந்து தயாராக வெளியே கிடந்தது. கொத்தனார் மிஷினைக் கோட்டின் மேல் வைத்தார். கூடம் முழுக்கத் தூசு. மேஸ்திரி படத்தில் கன்னத்தை ஒட்டவைத்து, விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே நின்றார். தட்டினால் கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு செங்கலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொத்தென்று கேட்டால் விட்டுவிட்டது.

திடீரென்று கையை உயர்த்தினார். "நில்லிசு!" நிறுத்து என்று கத்தினார். மிஷின் சத்தத்தில் அது கொத்தனாருக்குக் கேட்கவில்லை.

இடி மாதிரி விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நனைந்த சேலை கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மேசை, துணி, ரொட்டி, நடுவும் இடதுபக்கம் முழுக்கவும் ஒரே ஏடாகக் கீழே வந்துவிட்டது. மேஸ்திரி மேல் படவில்லை, காலடியில் விழுந்தது. வலதுபக்கக் கோடியில் மூன்று சீடர்கள் மட்டும் நின்றார்கள். கையை நடுப்பக்கம் நீட்டி, இல்லாத ஒருவரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெறும் செங்கலில் ஆணி மட்டும் இருந்தது.

விழுந்த பூச்சின் பின்பக்கம் கருத்து, தொட்டால் கையில் ஒட்டியது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து அதில் புறங்கையை வைத்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "அன்னைக்கு நீ சொன்னே."

தெரியாதவர் என்றால் தேற்றலாம். இவர் தெரிந்தே ஆசைப்பட்டார்.

"பொறக்கு கொண்டா" என்றார். துடைப்பத்துக்கு அது அவர் வார்த்தை. புது ஃபாதர் ஓடிவந்து, முகம் இருக்கிற துண்டுகளையாவது எடுத்து வைக்கலாம் என்றார். கண் கலங்கியிருந்தார். மேஸ்திரி, "பேடா ஃபாதர். கூடத்துல புள்ளைங்க சாப்பிடணும்" என்றார். நானும் அவரும் சிமெண்ட் மூட்டையில் கூட்டி அள்ளினோம். அள்ளும்போது அவர் முகம் போட்டிருந்த துண்டு வந்தது, மூக்கு வரைக்கும். அதையும் போட்டார். மிச்சம் நின்ற மூன்று பேரையும் அவரே சுரண்டி எடுத்தார், ஒரு வார்த்தை பேசாமல். என் கையிலிருந்து தகட்டை வாங்கித்தான் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் வைத்து, பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகும் வேலைக்கு வந்தார், ஆனால் சுவரில் கன்னத்தை வைப்பதை விட்டுவிட்டார். "கவர் ஒட்டிப் பாரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார். கொஞ்ச வருசத்தில் ஆனேக்கலுக்கே போய்விட்டார். இறந்த செய்தி பெயிண்ட் கடையில் யாரோ பேசித்தான் எங்களுக்குத் தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்திருந்தது.

செல்வி போனில் காட்டியதைப் பார்த்தபின் ஒரு நாள் விடுதிக்குப் போனேன். மத்தியானம். ஒட்டின படம் பளபளவென்று இருந்தது. ஒட்டினவன் திறமைசாலி, வாசல் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி பிளேடால் நேராக வெட்டி எடுத்திருந்தான். இந்த ஏசு சாமிக்கும் கால் இல்லை.

யாரும் இல்லையென்று பார்த்து, படத்தின் ஓரத்தில், வெறும் சுவர் தெரிகிற இடத்தில் புறங்கையை வைத்தேன். அப்புறம் கன்னத்தையும் வைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஹசி."

"யாரது?" வாசல் வழியாக எல்லம்மா வந்தாள். இன்னும் அவள்தான் சமையலுக்கு மேற்பார்வை. ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள், காதும் மந்தம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அடி ஊமையக்கா! என்னா, பசியா? வாயத் தெறந்து கேக்க ஆயிசு முழுக்க ஆச்சா உனக்கு? உக்காரு, உக்காரு" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் திரும்பி வாசலுக்குள் போய்விட்டாள். ரெண்டே எட்டில் தட்டோடு வந்தாள்.

சுவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். சோற்றில் ஆவி பறந்தது.